உயிருள்ள செல்லுக்குள்ள ஒத்த மாலிக்யூல் ஸ்பாட் சரியா வரலையா? அறிகுறிய வச்சு பிழை பிடிக்கற வழி

ஹேலோடேக்ங்கற, டைய பிடிச்சுக்கற சின்ன புரோட்டீன் ஒட்டின புரோட்டீன், அதுக்கு லேசர் பட்டா ஒளிர்ற ஜேஎஃப் 549 இல்லன்னா ஜேஎஃப் 646 டை, 100எக்ஸ் ஆயில் ஆப்ஜெக்டிவ், சாய்வா அடிக்கற லேசர், ஒரு நல்ல கேமரா. இத வச்சு ஒவ்வொரு மாலிக்யூலையும் ஸ்பாட்ங்கற ஒளிப்புள்ளியா பிடிச்சு, நியூக்ளியஸுக்குள்ள ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதாவது ஜீன ஆன் ஆஃப் பண்ற புரோட்டீன், எப்படி ஓடுது, டிஎன்ஏ மேல எவ்ளோ நேரம் உக்காருதுன்னு பாக்கறவங்களுக்குத்தான் இது. பல வருஷமா ஒரே இருட்டு ரூம்ல ஒரே மைக்ராஸ்கோப்ப பாத்துக்கறேன், வாரத்துக்கு ஒருத்தராவது லேப்டாப்ப தூக்கிட்டு வந்து "ஸ்பாட் வரல, லேசர் அலைன்மென்ட் போயிடுச்சு போல"ன்னு நிப்பாங்க, போய் பாத்தா பெரும்பாலும் லேசர் நல்லாத்தான் இருக்கும், கண்ணாடிலயோ டைலயோ மீடியாலயோதான் கோளாறு இருக்கும். அதனால முதல்லயே சொல்லிடறேன், சாம்பிள மாத்திப் பாக்காம லேசர் பக்கம் கை வைக்காதீங்க.

முதல்ல கையில வச்சிருக்க வேண்டிய 5 சாம்பிள்

இது இல்லாம கீழ சொல்ற எதையும் செய்ய முடியாது. ஒண்ணு, கண்ணாடில ஒட்டவச்ச 100 நானோமீட்டர் பல நிற பீட், அதாவது ஒளிர்ற குட்டி பிளாஸ்டிக் உருண்டை. ரெண்டு, கழுவின வெறும் கவர்ஸ்லிப், அதாவது செல் உக்கார்ற மெல்லிசான கண்ணாடி, மேல பிபிஎஸ் உப்புக் கரைசல் மட்டும். மூணு, டேக் இல்லாத அதே செல், ஆனா டை போட்டு உங்க வழக்கப்படியே கழுவினது. நாலு, ஹிஸ்டோன் எச்2பி-ஹேலோ செல், ஹிஸ்டோன்ங்கறது டிஎன்ஏ சுத்திக்கற புரோட்டீன், அதனால இதுல மாலிக்யூல் டிஎன்ஏ சுருண்ட குரோமாட்டின்லயே உக்காந்திருக்கும், ரொம்ப நகராது. அஞ்சு, ஹேலோவோட, நியூக்ளியஸுக்குள்ள கொண்டு போற நியூக்ளியர் சிக்னல் மட்டும் சேத்த செல், இது எதோடயும் ஒட்டாம ஓடிட்டே இருக்கும். பீட் ஸ்லைட சீல் பண்ணி வச்சா மாசக்கணக்குல வரும், செல் லைன் ரெண்டையும் ஃப்ரீஸ் பண்ணி வச்சுக்கலாம். இந்த அஞ்சையும் ஒரே லேசர் பவர், ஒரே எக்ஸ்போஷர்ல வரிசையா பாக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்த மிச்சம் பிடிக்கறேன்னு மூணு வாரம் தொலைச்சவங்கள பாத்திருக்கேன்.

அறிகுறி 1: செல்லே இல்லாத இடத்துலயும் ஸ்பாட் இருக்கு

இதுதான் அடிக்கடி வர்றது, இதத்தான் ரொம்ப லேசா எடுத்துக்கறாங்க. செல்லுக்கு வெளிய கண்ணாடி மேல ஸ்பாட் இருந்தா செல்லுக்கு அடியிலயும் அதே கண்ணாடிதான இருக்கு, அப்ப நீங்க எண்ணின ஸ்பாட்ல எது புரோட்டீன் எது அழுக்குன்னு எப்படி சொல்வீங்க?

முதல் செக் காசே ஆகாது. ஸ்டேஜ ஒரு 5 மைக்ரான் நகத்துங்க. படம் நகந்தும் ஸ்பாட் மட்டும் அதே பிக்சல்ல நிக்குதுன்னா அது சாம்பிளே இல்ல, கேமராவோட ஹாட் பிக்சல், அதாவது வெளிச்சமே இல்லாம எரியற பிக்சல். இந்த வேலைக்குப் போடற எஸ்சிமாஸ் (sCMOS) வகை கேமராவுல இது சகஜம். ஒரு தம்பி "சார், இந்த மாலிக்யூல் பத்து நிமிஷமா டிஎன்ஏவ விடவே இல்ல"ன்னு அவ்ளோ சந்தோஷமா வந்து காட்டினாரு, அது ஹாட் பிக்சல்னு சொல்ல எனக்கு மனசே வரல, ஆனா சொல்லித்தானே ஆகணும். ப்ளீச்சே ஆகாத, அதாவது லேசர் பட்டுப் பட்டு ஒளி செத்துப்போகாத ஸ்பாட்ட எப்பவும் சந்தேகப்படுங்க.

ஸ்பாட் சாம்பிளோட சேந்து நகருதா? அப்ப வெறும் கவர்ஸ்லிப் சாம்பிள வைங்க. அதுலயும் ஸ்பாட் இருந்தா கண்ணாடி அழுக்கு. பாக்ஸ்ல இருந்து எடுத்த கவர்ஸ்லிப் பாக்க பளபளன்னு இருந்தாலும் இந்த வேலைக்கு அது சுத்தம் கிடையாது. 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல அரை மணி நேரம் சோனிகேட் பண்ணி, நல்ல தண்ணில அஞ்சாறு தடவ அலசி, எத்தனால்ல போட்டு வைங்க, பிளாஸ்மா கிளீனர் இருந்தா செல் போடறதுக்கு முன்னாடி சில நிமிஷம் அதுல வைங்க. கிளவுஸும் கண்ணுக்குப் போடற கண்ணாடியும் கட்டாயம், அந்த ஹைட்ராக்சைடு சாதாரண சோப்புத் தண்ணி இல்ல, கண்ணுல பட்டா பார்வையே போயிடும்.

கழுவின பிறகும் ஸ்பாட் குறையலன்னா கண்ணாடி மேல நீங்க என்ன பூசறீங்கன்னு பாருங்க. செல் ஒட்டறதுக்காக பாலிலைசின் பூசினா நிறைய டை அதுலயே போய் ஒட்டிக்கும். அதே வேலைக்குப் பூசற ஃபைப்ரோனெக்டின் புரோட்டீன பழைய ட்யூப்ல இருந்து எடுத்தா உள்ள திரிதிரியா மிதக்கும், புதுசா கரைச்சு பாருங்க. பிபிஎஸ் பாட்டில்கூட மாசக்கணக்கா திறந்தே இருந்தா அதுவும் ஒரு காரணம், 0.2 மைக்ரான் ஃபில்டர்ல விட்டு எடுங்க. அப்புறம் மார்க்கர் பேனா. எங்க ரூம்ல ஒரு தடவ மூணு வாரம் சிவப்பு சேனல்ல மட்டும் எங்க பாத்தாலும் ஸ்பாட்டு, டைய மாத்தியாச்சு, கவர்ஸ்லிப் பிராண்ட மாத்தியாச்சு, ஃபில்டரக்கூட கழட்டித் துடைச்சாச்சு, கடைசில பாத்தா டிஷ் ஓரத்துல சிவப்பு மார்க்கர்ல நம்பர் எழுதி அது மேல எத்தனால் துணியால துடைச்சிருக்காங்க, அந்த மை கரைஞ்சு கண்ணாடி பூரா பரவியிருக்கு. அந்த மைல இருக்கற சாயம் நம்ம டை மாதிரியே ஒளிரும். நெயில் பாலிஷும் அப்படித்தான். அன்னியில இருந்து நம்பர் எல்லாம் மூடி மேல மட்டும்தான் எழுதணும்னு வச்சிட்டோம்.

வெறும் கண்ணாடி சுத்தமா இருந்து டேக் இல்லாத செல்லுல மட்டும் ஸ்பாட் வந்தா, கழுவாம தங்கின டை அது. மூணு தடவ வாஷ் பண்ணி உடனே பாக்கக் கூடாது. கழுவிட்டு புது மீடியாவுல 15-ல இருந்து 30 நிமிஷம் இன்குபேட்டர்ல விட்டு, மறுபடி கழுவி, முடிஞ்சா புது டிஷ்ஷுக்கே மாத்துங்க. டிஎம்ஆர் டை ரொம்ப ஒட்டும், ஜேஎஃப் 646 ஹேலோவோட சேந்தாத்தான் நல்லா ஒளிரும், அதனால சும்மா திரியற டை கண்ண உறுத்தாது. இந்த ஒரு காரணத்துக்காகவே புதுசா ஆரம்பிக்கறவங்க 646-ல ஆரம்பிங்கன்னு சொல்வேன்.

அறிகுறி 2: ஸ்பாட்டே பிரிஞ்சு தெரியல, நியூக்ளியஸ் பூரா ஒரே மூட்டமா இருக்கு

இங்க வழி ரெண்டா பிரியும். லேசர ஒரு நிமிஷம் முழுசா அடிச்சு விடுங்க. மூட்டம் குறைஞ்சு நடுவுல ஸ்பாட் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சா, டை ஜாஸ்தி. எவ்ளோ அடிச்சாலும் மூட்டம் அப்படியே இருந்தா, வெளிச்சம் வேற எங்கிருந்தோ வருது.

டை ஜாஸ்தின்னா: நெருக்கமா இருக்கற மாலிக்யூல பிரிச்சுக் காட்ட எந்த சாஃப்ட்வேராலயும் முடியாது, குறைச்சுத்தான் போடணும். சாதாரண படத்துக்கு 100 நானோமோலார் போட்டுப் பழகின கை, ஒத்த மாலிக்யூலுக்கும் அதையே போடும். உங்க புரோட்டீன் செல்லுல எவ்ளோ இருக்குங்கறத பொறுத்து சில பிகோமோலார்ல இருந்து 1 நானோமோலாருக்குள்ளதான் வேணும். 10, 50, 200 பிகோமோலார்னு மூணு டிஷ் போட்டு பாத்துடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும். பிகோமோலார் அளவுக்கு இறங்கும்போது டை ட்யூப் சுவத்துல ஒட்டிக்கும், அதனால கரைசல அன்னிக்கே செஞ்சு அன்னிக்கே போடுங்க, போன வாரத்தது ஆகாது. டிஎம்எஸ்ஓ கரைப்பான்ல கரைச்சு வச்ச டை ஸ்டாக்க சின்னச் சின்ன ட்யூபா பிரிச்சு இருட்டுல ஃப்ரீசர்ல வைங்க. திரும்பத் திரும்ப உருக்கினா ஈரம் ஏறி டை கெட்டுப்போகும், மழைக்காலத்துல இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

டைய இவ்ளோ குறைச்சா நியூக்ளியஸ் எங்க இருக்குன்னே தெரியலன்னு அடுத்த புகார் வரும். அதுக்கு ரெண்டு நிற டை போடுங்க: ஒண்ணு பிகோமோலார்ல, இன்னொண்ணு வேற நிறத்துல பல நானோமோலார்ல. ரெண்டாவது நிறத்துல நியூக்ளியஸ் முழுசா தெரியும், முதல் நிறத்துல ஸ்பாட்ட பாக்கலாம்.

மூட்டம் போகவே மாட்டேங்குதுன்னா: முதல்ல லேசர் ஷட்டர மூடிட்டு 100 ஃப்ரேம் எடுங்க. வெளிச்சமே இல்லாதப்ப கேமரா காட்டற அடிப்படை எண் நிறைய எஸ்சிமாஸ்ல 100 பக்கம் இருக்கும், பிக்சல் எண் அந்த அளவுக்கு இறங்கலன்னா ரூம் வெளிச்சம் உள்ள வருது. மானிட்டர், ஏசில இருக்கற சின்ன பச்சை லைட்டு, கதவு இடுக்கு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மறைச்சுப் பாருங்க. ஆட்டோஃபோகஸ் இன்ஃப்ராரெட் லைட்ட ஆஃப் பண்ணியும் ஒரு தடவ எடுங்க, சிவப்புக்கு அந்தப் பக்கம் பாக்கறப்ப அது ஃபில்டர தாண்டி வந்து பேக்ரவுண்ட ஏத்தும்.

அடுத்தது மீடியா. அமிலத்தன்மைய நிறத்துல காட்டற ஃபீனால் ரெட் சாயம் இருந்தா மாத்துங்க, ஒளி குறைவான மீடியாவோ எல்-15 மாதிரியோ போடுங்க. மீடியாவுல இருக்கற ரிபோஃப்ளேவின் வைட்டமின் பச்சை சேனல்ல நல்லா ஒளிரும், பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பி புரோட்டீன சீக்கிரம் ப்ளீச் பண்ணவும் செய்யும். 488 நானோமீட்டர் லேசர்ல பாடுபடறவங்க 561-க்கோ 640-க்கோ மாறினாலே பாதி கஷ்டம் தீந்துடும், செல்லோட சொந்த ஒளியும் அந்தப் பக்கம் ரொம்பக் கம்மி.

அதுக்கப்புறம்தான் வெளிச்சத்தோட கோணம். ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு 1.518, தண்ணிக்கு 1.33, அதனால கிட்டத்தட்ட 61 டிகிரி தாண்டினா முழு பிரதிபலிப்பு, டிர்ஃப். அதுல வெளிச்சம் கண்ணாடியில இருந்து 100, 200 நானோமீட்டர்தான் போகும். 2000-ல ஒசாகாவுல யனகிடா குழு உயிருள்ள செல்லோட வெளிச்சவ்வுல இஜிஎஃப்ங்கற வளர்ச்சி புரோட்டீனோட மாலிக்யூல ஒவ்வொண்ணா பாத்தது அப்படித்தான், ஆனா நியூக்ளியஸ் கண்ணாடிக்கு சில மைக்ரான் மேல இருக்கு, சுத்தமான டிர்ஃப்ல அது தெரியவே தெரியாது. டோகுனாகா குழு 2008-ல காட்டின ஹைலோ முறைதான் இங்க வேணும், லேசர் மெல்லிசான சாய்ஞ்ச தகடு மாதிரி செல்லுக்குள்ள போகும். செய்யறது இப்படி: நேரா அடிக்கற நிலையில ஆரம்பிச்சு, கோணத்த மெல்ல ஏத்திட்டே போங்க, படம் சட்டுன்னு கண்ணாடி ஓரமா மட்டும் தெரியற இடம் வரும், அதான் டிர்ஃப், அங்கிருந்து ஒரு துளி பின்னாடி வாங்க. நியூக்ளியஸ்ல ஸ்பாட் கறுப்புப் பின்னணியில எழுந்து நிக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஒரு நம்பர எழுதி வச்சுட்டு தினமும் அதே நம்பர்ல போடறது வேலைக்கு ஆகாது.

கோணம் தேடும்போது ஆப்ஜெக்டிவுக்கு மேல குனிஞ்சு பாக்காதீங்க. லேசர் சாய்வா வெளிய வர்ற உயரத்துலதான் உங்க கண்ணு இருக்கும். மூடிய போட்டுட்டு ஸ்கிரீன்லயே பாருங்க.

அறிகுறி 3: ஸ்பாட் வந்த ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்லயே காணாம போயிடுது

எல்லாரும் ப்ளீச்னு சொல்லிட்டு உடனே லேசர குறைப்பாங்க. அது ப்ளீச்சான்னு முதல்ல கேளுங்க. நம்ம ஃபோகஸ் ஆழம் அரை மைக்ரானுக்கு கொஞ்சம் மேலதான். நொடிக்கு 2 சதுர மைக்ரான் டிஃப்யூஷன்ல, அதாவது தானா அலைஞ்சு பரவற வேகத்துல, ஓடற புரோட்டீன் 30 மில்லிசெகண்ட் வாக்குலயே அந்த ஆழத்த விட்டு மேலயோ கீழயோ போயிடும். அது ப்ளீச் ஆகல, எழுந்து போயிடுச்சு.

பிரிச்சுப் பாக்க எச்2பி-ஹேலோ செல்ல அதே செட்டிங்ல வைங்க. எச்2பி பல நொடி நின்னா உங்க லேசரும் டையும் சரி, புரோட்டீன்தான் ஓடுது, அதுக்கு ஃப்ரேம் ரேட்ட ஏத்தணும். எச்2பியும் ரெண்டு ஃப்ரேம்ல போனாத்தான் ப்ளீச்.

ப்ளீச்தான்னா பவர் மீட்டர ஆப்ஜெக்டிவ் மேல வச்சு அளங்க, சாஃப்ட்வேர்ல காட்டற சதவீதத்த நம்பாதீங்க. 10 மில்லிவாட் லேசர் 50 மைக்ரான் வட்டத்துல விழுந்தா அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் அரை கிலோவாட். வேகமா ஓடறத சின்ன எக்ஸ்போஷர்ல பிடிக்க இது நியாயமான அளவு, ஆனா டிஎன்ஏல எவ்ளோ நேரம் உக்காருதுன்னு பாக்க இது ரொம்ப ஜாஸ்தி. உக்கார்ற நேரத்துக்கு லேசர நல்லா குறைச்சு, எக்ஸ்போஷர 500 மில்லிசெகண்டுக்கு ஏத்துங்க: ஓடறதெல்லாம் கலங்கி பின்னணியா மாறிடும், உக்காந்தது மட்டும் புள்ளியா தெரியும். லேசர் கேமராவோட சேந்து அணைஞ்சு எரியுதான்னும் பாருங்க. ட்ரிகர் வயர் கழண்டிருந்தா ஃப்ரேமுக்கு நடுவுலயும் லேசர் எரிஞ்சிட்டே இருக்கும், மாலிக்யூல் வீணா சாகும். இத நான் பாத்த தடவைகளுக்கு கணக்கே இல்ல, வயர திருப்பி சொருகினா தீந்தது.

இவ்ளோ செஞ்சும் சரியா வரலன்னா டைய மாத்துங்க. எம்இயாஸ் மாதிரி புரோட்டீன் டேக்ல இருக்கறவங்க ஹேலோவுக்கு மாறினா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டெஸ்ட் ட்யூப் வேலைக்கு ப்ளீச்ச குறைக்க போடற, ஆக்சிஜன உறிஞ்சற குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கலவைய உயிருள்ள செல்லுக்கு ஊத்தாதீங்க, ஆக்சிஜன் போனா செல் என்ன ஆகும்னு யோசிங்க.

அது நிஜமாவே ஒத்த மாலிக்யூல்தானான்னும் இங்கயே பாத்துடுங்க. ஒரு ஸ்பாட்டோட வெளிச்சத்த நேரத்தோட வரைங்க. சமமா போயிட்டு ஒரே படியில பொத்துன்னு விழுந்தா ஒத்த மாலிக்யூல். ரெண்டு மூணு படி இருந்தா சேந்து உக்காந்திருக்கு. சறுக்குமரம் மாதிரி மெதுவா இறங்கினா அது கட்டி, உங்க புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு, இல்லன்னா லைசோசோம்ல போய் மாட்டின டை.

அறிகுறி 4: ஸ்பாட் வட்டமா இல்ல

எல்லா ஸ்பாட்டும் ஒரே மாதிரி கோணலா இருந்தா ஆப்டிக்ஸ். ஒவ்வொண்ணும் வேற வேற பக்கம் வால் நீட்டினா மாலிக்யூல் எக்ஸ்போஷருக்குள்ள ஓடுது. அதே 2 சதுர மைக்ரான் புரோட்டீன் 50 மில்லிசெகண்ட்ல சராசரியா 0.6 மைக்ரான் போயிடும், ஸ்பாட்டோட அகலமே 0.2 மைக்ரான் சொச்சம்தான், அப்புறம் எப்படி வட்டமா இருக்கும்? ஃப்ரேம் 10 மில்லிசெகண்ட், அதுக்குள்ள லேசர் 1 மில்லிசெகண்ட் மட்டும்னு துடிப்பா அடிங்க, சரியாயிடும்.

ஆப்டிக்ஸ்னா பீட் ஸ்லைட வைங்க. ஆயில்ல குமிழ் இருக்கான்னு முதல்ல பாருங்க, துடைச்சிட்டு புதுசா ஒரே ஒரு சொட்டு விடுங்க. ரெண்டு பிராண்ட் ஆயில் கலந்தா கலங்கிடும், அதையும் யோசிங்க. 23 டிகிரிக்கு செஞ்ச ஆயில 37 டிகிரில போட்டா ஒளிவிலகல் எண் இறங்கும், 37-க்குன்னே விக்கற ஆயில வாங்குங்க. கவர்ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர் தடிமன் இருக்கணும், நம்பர் 1 வாங்கிட்டு நம்பர் 1.5-னு நினைச்சுட்டு இருக்கறவங்க உண்டு, டப்பாவ பாருங்க. ஆப்ஜெக்டிவ்ல கரெக்ஷன் காலர் இருந்தா பீட்ட ஃபோகஸ்க்கு மேலயும் கீழயும் கொண்டு போய் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையமா விரியற வரைக்கும் திருப்புங்க. ஒரு பக்கம் மட்டும் வால்மீன் மாதிரி இழுத்தா சாம்பிள் சாய்ஞ்சு உக்காந்திருக்கு, டிஷ்ஷ எடுத்து திருப்பி வைங்க. அப்பவும் அப்படியேன்னா ஆப்ஜெக்டிவுக்குள்ள ஆயில் இறங்கியிருக்கலாம். அத நீங்க கழட்டக் கூடாது, சர்வீஸுக்கு அனுப்புங்க.

அறிகுறி 5: எல்லா ஸ்பாட்டும் சேந்து ஒரே பக்கம் நகருது, இல்ல ஃபோகஸ் போயிட்டே இருக்கு

சூடு சமமாகல. ஹீட்டர் போட்டு அஞ்சு நிமிஷத்துல எடுக்க ஆரம்பிச்சா இப்படித்தான், ரெண்டு மணி நேரமாவது விடுங்க, நான் முதல் நாள் ராத்திரியே போட்டுட்டு போயிடுவேன். ஏசி காத்து நேரா ஸ்டேஜ் மேல விழுதான்னு ஒரு டிஷ்யூ பேப்பர் தொங்கவிட்டு பாருங்க, ஏசி ஆன் ஆஃப் ஆகற தாளத்துலயே ஃபோகஸும் ஏறி இறங்கும். டிஷ் ஹோல்டர்ல ஆடாம பிடிச்சிருக்கா, மீடியா ஆவியாகுதா, இவ்ளோதான் பெரும்பாலும்.

நகரல, நடுங்குதுன்னா அது டேபிள். பீட்ட நொடிக்கு 100 ஃப்ரேம்ல எடுங்க. கேமரா கேபிள் இறுக்கமா இழுத்துப் பிடிச்சு ஆடுதா, டேபிள் மேல யாராவது ஃபேன் இருக்கற பெட்டிய வச்சிருக்காங்களா, டேபிள் காலுல காத்து இருக்கா. ஒரு கையால மெல்ல அழுத்துங்க, மிதந்து எழணும், எழலன்னா காத்து போயிடுச்சு, ஆள கூப்பிடுங்க.

அறிகுறி 6: வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும், இல்ல கோடு கோடா

டை கரைசல் ஒரு துளி வச்சு படம் எடுங்க. நடுவுல வெளிச்சமா ஓரத்துல மங்கலா இருந்தா லேசர் இயல்பே அப்படி, நடுப்பகுதிய மட்டும் வெட்டி எடுத்துக்கங்க. கோடு கோடா, வளையம் வளையமா வந்தா வழியில எங்கயோ தூசி. ஆப்ஜெக்டிவ் முன்கண்ணாடிய லென்ஸ் பேப்பர்ல ஒரே இழுப்புல துடைங்க, தேய்க்காதீங்க. அதுக்கு மேல உங்க வேலை பவர் அளக்கறது மட்டும்தான். லேசர கொண்டு வர்ற ஃபைபரோட முனையிலயும் ஆப்ஜெக்டிவ் மேலயும் பவர் அளந்து, மாசாமாசம் எழுதி வச்ச நம்பரோட ஒப்பிடுங்க. ஃபைபர்லயே பாதியா குறைஞ்சிருந்தா கப்ளிங், அதாவது லேசர் ஃபைபருக்குள்ள நுழையற இடம், விலகிடுச்சு, அந்த ஸ்குரூவ திருப்பாதீங்க, இன்ஜினியர்தான் வரணும்.

அறிகுறி 7: ஸ்பாட் நல்லா வருது, செல் செத்துப்போகுது

படம் எடுத்த செல்ல குறிச்சு வச்சு 24 மணி நேரம் கழிச்சு போய் பாருங்க, பக்கத்து செல் மாதிரி அதுவும் ரெண்டா பிரிஞ்சு பெருகியிருந்தா சரி. கொப்புளம் கொப்புளமா ஊதியிருந்தா உங்க டேட்டா சாகற செல்லோடது, அதுல அளந்த எண்ணுக்கு அர்த்தம் இல்ல. 405 நானோமீட்டர்தான் ரொம்ப கொடூரம், அத எவ்ளோ குறைக்க முடியுமோ குறைங்க. கார்பன் டை ஆக்சைடு ட்யூப் கழண்டிருந்தா முன்னாடி மீடியா நிறமே சொல்லிடும், ஃபீனால் ரெட்ட எடுத்த பிறகு அது சொல்லாது, அதனால அமிலத்தன்மைய நிலையா வைக்கற ஹெபிஸ் 25 மில்லிமோலார் போட்டு வைங்க. டிஷ்ஷுக்குள்ள மெல்லிசான தெர்மோகப்பிள் விட்டு சூட்ட அளங்க, ஆப்ஜெக்டிவ்ல ஹீட்டர் இல்லன்னா ஆயில் வழியா சூடு இறங்கி, கன்ட்ரோலர் 37 காட்டினாலும் செல் இருக்கற இடம் சில டிகிரி கம்மியா இருக்கும். செல்ல சத்தமில்லாம கெடுக்கற மைகோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கு டெஸ்ட்டும் எடுங்க.

அறிகுறி 8: ட்ராக் எல்லாம் வருது, எண் நம்பற மாதிரி இல்ல

இந்த இடத்துல அவசரப்படாதீங்க, தப்பான எண்ணு பேப்பர்ல ஏறிட்டா அத வச்சு இன்னொருத்தர் அஞ்சு வருஷம் வேலை செய்வாங்க.

வேகமா ஓடற கூட்டம் எதிர்பாத்தத விட ஜாஸ்தியா வந்தா முதல்ல ஜெல் ஓட்டுங்க. செல்ல டிஎம்ஆர் டைல ஊற வச்சு, உடைச்சு, புரோட்டீன எடைப்படி பிரிக்கற எஸ்டிஎஸ் ஜெல்ல விட்டு, அப்படியே ஸ்கேன் பண்ணுங்க, ஹேலோ டையோட கெட்டியா பிணைஞ்சுக்கும், அதனால ஆன்டிபாடி தேவையில்ல. உங்க புரோட்டீன் எடையோட 33 கிலோடால்டன் சேந்த இடத்துல ஒரே ஒரு பட்டை வரணும். 33-லயே ஒரு பட்டை தனியா நின்னா டேக் உடைஞ்சு தனியா திரியுது, நீங்க அளந்த வேகம் வெறும் ஹேலோவோட வேகம். இத நான் எல்லாரையும் முதல் வாரமே செய்யச் சொல்றேன், அரை நாள் வேலை.

ஜெல் சரின்னா ட்ராக்கிங். ஸ்பாட்ட ஃப்ரேம் ஃப்ரேமா இணைச்சு ட்ராக்கா ஆக்கற டிராக்மேட் சாஃப்ட்வேர்ல ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் எவ்ளோ தூரம் இணைக்கலாம்னு ஒரு எண் கேக்கும். நொடிக்கு 5 சதுர மைக்ரான் வேகம்னா 10 மில்லிசெகண்ட்ல சராசரி 0.45 மைக்ரான் தாவும், அதனால 0.5-னு வச்சா வேகமானது எல்லாம் வெட்டுப்படும், 1.3 பக்கம் வைக்கணும். ஆனா அவ்ளோ தூரம் விட்டா பக்கத்து ஸ்பாட்டோட தப்பா இணைச்சிடும், அதுக்கு ஒரே வழி ஒரு நியூக்ளியஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு ஒண்ணு ரெண்டு ஸ்பாட்டுக்கு மேல இல்லாம பாத்துக்கறதுதான். மறுபடி டை அளவுக்கே திரும்பி வந்துட்டோம் பாருங்க.

ஒட்டினது ஜாஸ்தியா வந்தா: ஓடறது சீக்கிரமே ஃபோகஸ விட்டுப் போயிடும், உக்காந்தது நின்னுட்டே இருக்கும், நீளமான ட்ராக்க மட்டும் பொறுக்கினா ஒட்டினதுதான் ஜாஸ்தின்னு பொய் சொல்லும். இத கணக்குல எடுத்துக்கற ஸ்பாட்-ஆன் மாதிரி புரோகிராம்ல போட்டு பாருங்க.

உக்கார்ற நேரம் எந்த புரோட்டீனுக்கும் ஒரே மாதிரி வந்தா, நீங்க அளக்கறது ப்ளீச்ச. அதே எக்ஸ்போஷர், அதே பவர், நடுவுல இருட்டு இடைவெளிய மட்டும் மாத்தி மூணு செட் எடுங்க. எத்தன ஃப்ரேம் இருக்குங்கறது மாறாம இருந்தா ப்ளீச், எத்தன நொடி இருக்குங்கறது மாறாம இருந்தா நிஜமாவே டிஎன்ஏவ விட்டுப் போகுது. எச்2பியையும் அதே நாள், அதே செட்டிங்ல எடுத்து வச்சு அதால திருத்துங்க, போன மாசத்து எச்2பி ஆகாது. கண்ணாடில ஒட்டின பீட்டையும் ட்ராக் பண்ணி பாருங்க, அது நகரவே கூடாது, ஆனா கொஞ்சம் நகரும், அதான் உங்க அளவீட்டுப் பிழை. மாலிக்யூல் வெளிச்சம் பீட்ட விட ரொம்பக் கம்மி, அதனால அதோட பிழை இன்னும் பெருசாத்தான் இருக்கும்.

எப்ப ஆள கூப்பிடணும்

பீட் ஸ்லைடே மங்கலா வந்தா, பவர் எழுதி வச்ச நம்பர்ல பாதிக்கு வந்தா, கேமரா குளிராகாம எரர் காட்டினா, ஆப்ஜெக்டிவுக்குள்ள ஆயில் தெரிஞ்சா, டேபிள் மிதக்கலன்னா, மூடி திறந்தா லேசர தானா அணைக்கற லேசர் இன்டர்லாக் வேலை செய்யலன்னா. இன்டர்லாக் விஷயத்துல அன்னிக்கே மெஷின நிறுத்துங்க, மாணவருக்கு டெட்லைன் இருக்குன்னு டேப் ஒட்டி ஓட்டாதீங்க, கண்ணு போனா திரும்ப வராது.

இன்ஜினியர் வர்றதுக்கு நாளாகும், வந்தா ஒரு நாள்தான் இருப்பாரு. அதனால அவர் வர்றதுக்கு முன்னாடியே பீட் படம் ஃபோகஸ்க்கு மேலயும் கீழயும், ஃபைபர்லயும் ஆப்ஜெக்டிவ்லயும் பவர், ஷட்டர் மூடி எடுத்த 100 ஃப்ரேம், எந்த தேதியில இருந்து இப்படி ஆச்சு, அன்னிக்கு கரன்ட் போச்சா, யாராவது எதையாவது கழட்டினாங்களா, எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு முன்கூட்டியே அனுப்பிடுங்க. எங்க ரூம்ல கடைசியா இப்படி அனுப்பினப்ப அவர் படத்த பாத்தே தப்பு எந்த பார்ட்ல இருக்குன்னு சொல்லி அதையும் கையோட எடுத்துட்டு வந்துட்டாரு, மதியத்துக்குள்ள எச்2பி ஸ்பாட் திரும்ப வந்துடுச்சு.